பதினொரு சங்குகளின் சாட்சி

மண் பொய் சொல்வதில்லை. மண்ணைப் பெட்டியில் அடுக்குகிறவர்களுக்கும், அடுக்கியதைப் படிக்கிறவர்களுக்கும், படித்ததைப் பறைசாற்றுகிறவர்களுக்கும் அந்தப் பெருமையை நாம் கொடுத்துவிட முடியாது.

இரண்டாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டில் காரைக்காலில் கடலடி மண்தூண் காப்பகம் என்றொரு நிறுவனம் இருந்தது. வங்கக் கடலின் அடித்தளத்தைத் துளைத்து எடுத்த உருளை வடிவ மண்தூண்களை ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக அறுத்து, நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, மரப்பெட்டிகளில் கிடத்தி வைத்திருந்தார்கள். ஆறாயிரம் பெட்டிகள். அவற்றுள் ஊர் அறிந்தது நாற்பத்தொன்றாம் பெட்டி மட்டுமே. ஐந்து கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, மனிதன் என்ற பெயரே எழாத காலத்தில், பூமி ஒருமுறை காய்ச்சல் கண்டது. காற்றிலும் கடலிலும் கரி என்னும் கார்பன் பெருகி, வெப்பம் ஐந்தாறு பாகை ஏறி, கடல்நீர் புளித்து, பிறகு தணிந்தது. அந்தக் காய்ச்சல் முழுவதும் நாற்பத்தொன்றாம் பெட்டியில் ஒரே துண்டாகக் கிடந்தது.

அதைப் படிக்க ஒரு கருவி வந்திருந்தது. மயிரிழை கனமுள்ள அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்து, அதில் எவ்வளவு கரி, எவ்வளவு வெப்பம், எத்தனை ஆண்டு என்று வரிசையாகச் சொல்லிவிடும். உலகின் மற்றக் கடல்களில் எடுத்த ஒன்பது மண்தூண்களைப் படித்தபோது அது ஒன்பது முறையும் ஒன்றையே சொன்னது: காய்ச்சல் சட்டென்று ஏறியது, மிக மெதுவாக இறங்கியது. நாற்பத்தொன்றாம் பெட்டியைப் படித்தபோது மட்டும் வேறொன்று சொன்னது: ஓர் இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாக மெல்ல மெல்ல ஏறியது, நாலாயிரம் ஆண்டுகளில் மளமளவென்று இறங்கியது.

ஒன்பது சாட்சிகள் ஒரு விதமாகவும் பத்தாவது சாட்சி வேறு விதமாகவும் பேசினால், அறிவுடையவன் முதலில் பத்தாவது சாட்சியை ஐயுறுவான். நாம் அதற்கு மாலை போட்டோம். 'வங்கக் கடல் தனித்தன்மை வாய்ந்தது. அயலார் அளவுகோல் நமக்குப் பொருந்தாது' என்று மேடைதோறும் முழங்கினோம். அந்த முழக்கத்தின் தோளில் ஏறி ஒரு திட்டம் வந்தது. காரைக்காலுக்குக் கிழக்கே ஆழ்கடலின் அடிமண்ணில் பனிக்கட்டியைப் போல உறைந்து கிடக்கும் எரிவாயுவை, வெந்நீரைச் செலுத்தி உருக்கி மேலே கொண்டுவரும் திட்டம். வாயு தப்பிக் கசிந்தால் என்ன ஆகும்? 'வங்கக் கடலில் கசிவு மிக மெதுவாகவே நிகழும். தடுத்து நிறுத்த வேண்டிய அவகாசம் உண்டு. மீட்சியும் விரைவானது' என்று திட்ட அறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கம் விடை சொன்னது. அடிக்குறிப்பில் ஒரு கட்டுரையும் ஒரு பெயரும் இருந்தன: தி. தையல்நாயகி, முதுநிலை நிலவியலாளர், மண்தூண் காப்பகம், காரைக்கால்.

வெள்ளிக்கிழமை பொது விசாரணை. அன்று அனுமதி கிடைத்தால் அடுத்த திங்கட்கிழமை வெந்நீர் கடலடியில் இறங்கும். கப்பல் துறைமுகத்தில் தயாராக நின்றது.

புதன்கிழமை காலையில் தையல்நாயகி காப்பகத்துக்குள் நுழைந்தபோது, காப்பாளர் வைரக்கண்ணு நாற்பத்தொன்றாம் பெட்டியை நிமிர்த்தி, கண்ணாடிக் கூட்டுக்குள் நிறுத்திக்கொண்டிருந்தார். விசாரணை மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. காப்பகத்துக்கு வருமுன் இருபது ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவர் அவர். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதங்களே இருந்தன.

"மேடம், ஒரு நிமிசம் இங்க வாங்க."

"என்ன அண்ணே, கண்ணாடி கீறிப்போச்சா?"

"கண்ணாடி கெடக்கு. இந்தச் சங்கப் பாருங்க."

மண்தூணின் அறுத்த முகத்தில் மிளகளவு கடல் நத்தையின் ஓடு ஒன்று குறுக்குவாட்டில் வெட்டுண்டு தெரிந்தது. அதனுள்ளே ஒரு பாதி சாம்பல்நிற மண். மறுபாதி வெண்மையான படிகம். இரண்டுக்கும் இடையே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு.

"சொம்புல பாதிக்குச் சேறு போட்டா அடியிலதானே கெடக்கும்?" என்றார் வைரக்கண்ணு. "இங்க கூரையில ஒட்டிக்கிட்டு இருக்கு. வெள்ளை கீழ, மண்ணு மேல. நானும் எத்தனையோ செவரு கட்டிருக்கேன். இது மாதிரி ரசமட்டத்த பாத்ததில்ல."

தையல்நாயகி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தாள். குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

இறந்த நத்தையின் ஓட்டுக்குள் சேறு புகும்போது அது கீழ்ப்பாதியில்தான் தங்கும். மேலே வெற்றிடம் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வெற்றிடத்தில் படிகம் வளரும். ஆகவே மண் இருக்கும் பக்கம் கீழ். படிகம் இருக்கும் பக்கம் மேல். நிலவியல் படிக்கும் முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த செய்தி இது. ஆனால் காப்பகத்தில் பெட்டிகள் எப்போதும் படுத்தே கிடந்தன. படுத்துக் கிடக்கும் தூணில் எது மேல், எது கீழ் என்று எந்தக் கண்ணும் கேட்பதில்லை. தூணின் நெடுக்கே மெழுகால் வரைந்த சிவப்புக் கோடும் நீலக் கோடும் சொல்வதை அப்படியே நம்பும். தூணின் தலைப்பக்கத்தை மேலே வைத்துப் பார்த்தால் சிவப்புக் கோடு வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது தொழிலின் விதி. கருவியும் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் படிக்கத் தொடங்கும்.

அவள் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சங்காகத் தேடினாள். மொத்தம் பதினொன்று அகப்பட்டன. பதினொன்றிலும் மண் மேலே இருந்தது.

"அண்ணே, இந்தப் பெட்டியைக் கவுத்துட்டீங்களா?"

"ஐயோ, கோட்டப் பாத்துத்தான் மேடம் நிறுத்தினேன். செவப்பு சோத்துக்கைப் பக்கம். நீங்களே பாருங்க."

கோடு சரியாகத்தான் நின்றது. அப்படியானால் கோடே பிழை.

"இந்தக் கோடு கப்பல்ல போட்டதா, இங்க போட்டதா?" என்று அவள் கேட்டாள். கேட்டு முடிக்கும் முன்னரே விடை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஆயுத பூசை. சுத்தியல், இரம்பம், நுண்ணோக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தார்கள். எல்லாவற்றினும் பெருமை வாய்ந்த பொருள் எதுவோ அதுதானே கலைமகள் படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்? நாற்பத்தொன்றாம் பெட்டியை வைத்தார்கள். தூசியோடு வைக்கலாகாது என்று, மண்தூணைப் பெட்டியிலிருந்து எடுத்து ஈரத்துணியால் முன்னும் பின்னும் துடைத்தார்கள். கப்பலில் போட்ட மெழுகுக் கோடுகள் துணியோடு போயின. பிறகு யாரோ புதிதாகக் கோடு போட்டார்கள். அடுத்த வாரம் கருவி வந்தது. ஆறாயிரம் பெட்டிகளில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பெட்டிகளை எவரும் கும்பிடவில்லை. அதனால் அவை பிழையின்றி இருந்தன.

"தொடச்சது நான்தான்," என்றார் வைரக்கண்ணு மெல்ல. "பின்பக்கம் ஈரம் காயட்டும்னு பொரட்டிப் போட்டேன். தல மாறியிருக்கும்."

கோடு போட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நடைவழிச் சுவரில் அந்தப் பூசை நாளின் புகைப்படம் மாட்டியிருந்தது. அதில் தையல்நாயகி பெட்டியின் அருகே மண்டியிட்டு, சிவப்பு மெழுகுக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, புகைப்படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு ஊர் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

இயக்குநர் இராமபத்திரன் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவர்களோடு வழக்காடுவது எளிது. இவரைப் போன்றவர்களோடுதான் கடினம்.

"உக்காரு தையல். தண்ணி குடி. பதினொரு சங்கும் தலைகீழ்னு சொல்ற. சரி. எந்தப் பக்கம் எது போனா என்ன? காய்ச்சல் வந்துச்சு, போச்சு. அது மாறலயே?"

"காய்ச்சல் ஏற நாலாயிரம் வருசம், இறங்க லட்சம் வருசம்ங்கிறத, ஏற லட்சம், இறங்க நாலாயிரம்னு எழுதியிருக்கோம் சார். ஆஸ்பத்திரியில இந்தச் சீட்டக் கொடுத்தா ஆள் செத்துருவான்."

"அந்தக் கரி எங்கேருந்து வந்துச்சுன்னே இன்னும் முடிவாகல. எரிமலைங்கிறான் ஒருத்தன். கடலடி வாயுங்கிறான் இன்னொருத்தன்."

"எங்கேருந்து வந்ததோ, வந்த வேகம் முடிவாயிடுச்சு. ஒன்பது கடல் சொல்லிடுச்சு. இப்ப பத்தாவதும் அதையேதான் சொல்லுது. நாமதான் அத வாயைப் பொத்திக் கவுத்து வெச்சிருந்தோம்."

இராமபத்திரன் எழுந்து சன்னலருகே போனார். வெளியே காப்பகத்தின் புதிய கட்டடம் வெயிலில் பளபளத்தது.

"நாம தனியாச் சொன்னோம். அதனாலதான் நமக்கு ஒரு பேரு. வெள்ளிக்கிழமை விசாரணை முடியட்டும். அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் எழுதுவோம்."

"திங்கக்கிழமை வெந்நீர் இறங்கிடும் சார். அதுக்கப்புறம் எழுதினா அது திருத்தம் இல்ல, இரங்கல்."

"உன் கட்டுரையத்தான் நீயே கிழிக்கிற, தெரியுதா? 'பூசை பண்ணிப் பூமியைக் கவுத்தவங்க'ன்னு உலகமே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சா ஒண்ணும் சூடாகாது."

அவள் கதவைத் திறந்தபோது, அவர் காகிதங்களைப் புரட்டியபடி, "வைரக்கண்ணுகிட்டச் சொல்லு. பெட்டியைப் படுக்க வெச்சுக் கொண்டு வரட்டும். நிறுத்த வேண்டாம்" என்றார்.

பிழை செய்வது மனித இயல்பு. பிழை தெரிந்த பின் அதைப் படுக்க வைப்பதற்கு வேறு பெயர் உண்டு.

வெள்ளிக்கிழமை விசாரணை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையை மீன் விற்கும் பெண்கள் காலையிலேயே வந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியைப் போல நடுவில் அமர்ந்திருந்தவர் கிளிஞ்சல்மேட்டுத் தனபாக்கியம். கண்ணாடிக் கூட்டைப் பார்த்ததும் அவர் அடுத்தவளின் விலாவில் இடித்தார்.

"மண்ணுக்குக் கண்ணாடிப் பொட்டி போட்டிருக்காங்கடி. நம்ம மீனுக்கு ஐஸ் பொட்டி கேட்டு ஏழு வருசமாச்சு."

"அது பூர்வீக மண்ணாம் அக்கா."

"இருக்கட்டும். நாறலன்னா சரி."

விசாரணை அதிகாரி நல்லசிவம் மேசையைத் தட்டினார். திட்டத்தின் வழக்கறிஞர் நாற்பத்தேழாம் பக்கத்தை மணிமணியாகப் படித்தார். "அறிவியல் சான்று இதோ உங்கள் கண்முன் இருக்கிறது" என்று கூட்டைக் காட்டினார். கூட்டுக்குள் மண்தூண் படுத்துக் கிடந்தது. "கட்டுரையாசிரியரே இங்கு இருக்கிறார். அவர் உறுதிப்படுத்துவார்."

தையல்நாயகி எழுந்தாள். இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயா, பக்கம் நாற்பத்தேழில் இருப்பது என் ஆய்வு. அது தவறு," என்றாள். "அண்ணே, நிமித்துங்க."

வைரக்கண்ணு ஒரு கணம் இயக்குநரைப் பார்த்தார். பிறகு, சுவர் எழுப்பும் மனிதனின் நிதானத்தோடு கூட்டின் இரு பக்கமும் கை கொடுத்து, மண்தூணை நிமிர்த்தி நிறுத்தினார். தையல்நாயகி உருப்பெருக்கியின் காட்சியைத் திரையில் விழச் செய்தாள். பதினொரு சங்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஒவ்வொன்றும் தன் சேற்றைத் தலைமேல் சுமந்துகொண்டிருந்தது. ஈரத்துணி, மெழுகுக் கோடு, பூசை எல்லாவற்றையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அவள் அது முடியும்வரை காத்திருந்தாள்.

வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "ஒரு நத்தை கவிழ்ந்து செத்திருக்கலாமே?"

"நத்தை எப்படிச் செத்தாலும் சேறு கீழேதான் போகும் சார். நத்தைக்குத் தலைகீழ் உண்டு, சேத்துக்குக் கிடையாது."

"சொம்பக் கவுத்தாலும் தண்ணி மேல போவுமா?" என்றார் தனபாக்கியம் முன்வரிசையிலிருந்து. "கருப்புக் கோட்டுக்கார ஐயாவுக்கு வீட்டுல தண்ணி எடுத்துப் பழக்கமில்ல போல."

நல்லசிவம் மீண்டும் மேசையைத் தட்டினார். சிரிப்பை அடக்கிக்கொண்டே தட்டினார். வழக்கறிஞர் வேறு வழி தேடினார்.

"பொறுப்பான அரசு நிறுவனத்தில் இப்படி ஒரு பிழை நேர்ந்ததாகச் சொல்கிறீர்கள். அந்தக் கோட்டைப் போட்டவர் யார்? பெயர் உண்டா? அல்லது இதுவும் கதைதானா?"

"நான்தாங்க," என்றார் வைரக்கண்ணு.

மண்டபம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "தொடச்சதும் நான். கோடு போட்டதும் நான். படிக்காதவன். தல கால் தெரியாமப் போட்டுட்டேன். மேடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

நான்கு மாதங்களில் ஓய்வு பெறவிருந்த ஒரு மனிதர், தம் பெயரை எடுத்து இன்னொருவரின் பிழைமேல் போர்த்தினார். ஆனால் அன்று காலை நடைவழிச் சுவர் வெறுமையாக இருந்ததைத் தையல்நாயகி கவனித்திருந்தாள். புகைப்படத்தை அவர் கழற்றித் தம் மேசை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுகொண்டதையும், அங்கிருந்து அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டதையும் அவரிடம் சொல்லாமல்தான் வந்திருந்தாள்.

"அண்ணே, நாலு வருசமாக் கவுந்து கிடந்தது போதும்," என்றாள். புகைப்படத்தை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். "கையில் சிவப்பு மெழுகுக்கோலோடு சிரிக்கிறவள் நான்தான் ஐயா. இவர் தூணைத் துடைத்தார், அவ்வளவே. எது தலை என்று சரிபார்க்க வேண்டிய கல்வி எனக்குத்தான் இருந்தது. சரிபார்க்காமல் கோடு போட்டேன். கருவி படித்துச் சொன்னபோதும் சரிபார்க்கவில்லை. ஒன்பது கடல்கள் மாற்றிச் சொன்னபோதும் ஐயுறவில்லை. ஏனென்றால் அந்த விடை எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது."

இயக்குநர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, மெல்ல எழுந்து, "காப்பகத்தின் சார்பில் அந்த ஆய்வைத் திரும்பப் பெறுகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று அந்த மண்டபத்தில் அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அது போதுமானதாக இருந்தது.

நல்லசிவம் புகைப்படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பத்தேழாம் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். "இந்தச் சான்றின் பேரில் அனுமதி இல்லை. கப்பல் திங்கட்கிழமை புறப்படாது," என்றார்.

மண்டபம் கலையத் தொடங்கியது. வைரக்கண்ணு மண்தூணைத் தலைமாற்றி நிறுத்தினார். முதல்முறையாக அது தன் காலில் நின்றது. அடியில் சாம்பல்நிற மண். அதன்மேல் திடீரென்று, கத்தியால் வெட்டியதுபோல், இரண்டு விரற்கடைக் கருஞ்செம்மண். அதற்குமேல் ஒரு மீட்டருக்கும் அதிகமாக, மிக மிக மெதுவாக வெளுத்துக்கொண்டே போகும் நிறம்.

தனபாக்கியம் கூட்டின் அருகே வந்து நின்றார். கருஞ்செம்மண்ணின் மேல் கண்ணாடி வழியே இரண்டு விரல்களை வைத்து அளந்தார்.

"இதுதான் காச்ச ஏறுன நேரமா தங்கச்சி?"

"ஆமாக்கா. நாலாயிரம் வருசம்."

"இதுக்கு மேல இருக்கிறது பூராவும் எறங்குன நேரம்?"

"ஆமா."

"அப்ப நமக்கும் நாலாயிரம் வருசம் இருக்குன்னு சொல்லு. அதுவே ரொம்பல்ல?"

அந்தக் கேள்வியைத் தையல்நாயகி எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் கணக்கு அவளிடம் இருந்தது.

"அன்னைக்கு அவ்வளவு கரியையும் வெளிய விடப் பூமிக்கு நாலாயிரம் வருசம் ஆச்சு அக்கா. இப்ப நாம போற வேகத்துல போனா, அதே வேலைய முந்நூறு நானூறு வருசத்துல முடிச்சிருவோம். அதுல பாதிக்கு மேல போயிருச்சு."

"அப்ப நம்ம அடுக்கு இதுல எவ்வளவு இருக்கும்?"

"ஒரு நெல்லு கனம்."

வைரக்கண்ணு கூட்டின் கதவைச் சாத்தினார். "நெல்லு கனம்னா ஒண்ணு சொல்லலாம் மேடம்," என்றார். "அத யாரு எப்பிடிக் கவுத்து வெச்சாலும் ஒரே மாதிரிதான் தெரியும்."